கிருஷ்ணகிரிக்கு மகிழ்ச்சியை அளக்க வந்த வகுப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டு மாணவர்கள் இந்தியக் கிராமத்தில் சில வாரம் தங்கிவிட்டு எழுதும் அறிக்கைகளில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "வசதி குறைவுதான், ஆனாலும் இவர்கள் நம்மைவிட மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்." கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நடந்த ஒரு குறும்படிப்பின் வரைவு அறிக்கையிலும் அந்த வரி முதல் பக்கத்திலேயே இருந்தது. கடைசி அறிக்கையில் இல்லை. நடுவில் என்ன நடந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உள்ளூர்ப் பக்கம் ஒருங்கிணைப்பைப் பார்த்த சமூகப்பணி ஆசிரியர்களில் நானும் ஒருவன். கல்லூரி, பல்கலைக்கழகம், வீடுகள், ஆட்கள் எதையும் பெயர் சொல்லி எழுதவில்லை. பேசியவர்களுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தோம். சராசரி மதிப்பெண்களையும் தரப்போவதில்லை. ஆட்கள் குறைவு, கேட்ட விதமும் வீட்டுக்கு வீடு மாறியது. அந்த எண்களை அட்டவணை போட்டுக் காட்டினால் அவற்றுக்கு இல்லாத மரியாதை வந்துவிடும்.

இடமும் ஏற்பாடும்

வந்தவர்கள் அமெரிக்காவில் உளவியல் படிக்கும் இளங்கலை மாணவர்கள். மன அழுத்தமும் மகிழ்ச்சியும் பண்பாட்டுக்குப் பண்பாடு எப்படி மாறுகின்றன என்பது அவர்கள் பாடம். இந்த மாதிரிப் படிப்புகள் பொதுவாக டென்மார்க், ஜப்பான், பூடான் என்று போகும். டென்மார்க் உலக மகிழ்ச்சிப் பட்டியலில் எப்போதும் முன்வரிசையில் இருக்கும். ஜப்பானில் வேலைப்பளுவால் வரும் சாவைத் தடுக்க 2014ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். பூடான் 'மொத்த தேசிய மகிழ்ச்சி'யை அரசுக் கொள்கையாகவே வைத்திருக்கிறது. இந்தியா என்று முடிவானால் ரிஷிகேஷ், யோகா, ஆசிரமம். இந்தப் படிப்பின் பேராசிரியருக்கு அதில் விருப்பமில்லை. மகிழ்ச்சியை விற்காத ஊராகப் பாருங்கள் என்று கேட்டார்.

கிருஷ்ணகிரி, 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்த மாவட்டம். மேற்கே ஓசூரில் தொழிற்சாலைகள், கிழக்கே மாந்தோப்புகள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பெங்களூரு வேலையில் கன்னடம் என்று புழங்குகிறவர்கள் ஏராளம். காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்து ஊர்களை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒரே கூரைக்குக் கீழே அப்பா மாந்தோப்பில், அம்மா மாட்டோடும் மகளிர் குழுவோடும், மகள் விடியலில் வரும் கம்பெனி பஸ்ஸில் ஓசூருக்கு, மகன் பெங்களூரில் கட்டட வேலையில் என்று இருப்பது சகஜம். அழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்கா வரை போகத் தேவையில்லை, அந்த வீட்டுக்குள்ளேயே நாலு விதம் கிடைக்கும் என்று பேராசிரியரிடம் சொன்னோம். அவர் சிரித்தார், ஆனால் குறித்துக்கொண்டார்.

வந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் துறை மாணவர் ஒருவர் ஜோடி. கேள்வி கேட்பது, குறிப்பு எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் சேர்ந்தே. மாதம் ஜூன். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அப்போதுதான் கோடை விடுமுறை. இங்கே ஜூன் என்றால் மாங்காய் அறுப்பும் பள்ளிக்கூடம் திறப்பும் ஒன்றாக வந்து தலையில் உட்காரும் மாதம். இது பின்னால் பெரிய விஷயமானது.

முதல் திட்டத்தில் உமிழ்நீரில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைப் பார்ப்பதும் இருந்தது. தூங்கி எழுந்த அரை மணி முதல் முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் உச்சத்தைத் தொடும். அதனால் எழுந்த நேரம் துல்லியமாகத் தெரிந்தாக வேண்டும். நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு, மறுபடி கொஞ்சம் சாய்கிற ஆளுக்கு எந்த எழுச்சியைக் கணக்கில் எடுப்பது? அது போக, வெளிநாட்டுக் கூட்டோடு நடக்கும் உடல்நல ஆய்வுக்கும், மாதிரிகளை வெளியே அனுப்புவதற்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். கோடைப் படிப்பு ஒன்றுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று விட்டுவிட்டோம். நல்லதுதான்.

கருவிகள்

மூன்று கருவிகளைக் கையில் எடுத்தார்கள். ஷெல்டன் கோஹனும் கூட்டாளிகளும் 1983ல் வெளியிட்ட உணரப்பட்ட அழுத்த அளவுகோல். அதன் 10 கேள்வி வடிவம். கடந்த ஒரு மாதத்தில் எத்தனை தடவை இப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்கும், மொத்தம் 0 முதல் 40 வரை. அடுத்தது எட் டீனரும் சகாக்களும் 1985ல் தந்த வாழ்க்கைத் திருப்தி அளவுகோல்: ஐந்தே வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7. மூன்றாவது ஹாட்லி கேன்ட்ரிலின் ஏணி. அடிப்படி 0, உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக மோசமான வாழ்க்கை. உச்சிப்படி 10, மிக நல்ல வாழ்க்கை. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? கேன்ட்ரில் 1965ல் வெளியிட்ட பல நாட்டு ஆய்வில் இந்தியாவும் இருந்தது. இன்று உலக மகிழ்ச்சி அறிக்கை நாடுகளை வரிசைப்படுத்துவது இந்த ஒரே கேள்வியை வைத்துத்தான். 2025 அறிக்கையில் 147 நாடுகளில் இந்தியா 118வது, அமெரிக்கா 24வது.

கேள்விகளின் தமிழ் வடிவத்தில் குறையில்லை, கல்லூரியில் நன்றாகவே சோதித்துப் பார்த்திருந்தோம். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

முதல் சுற்று

வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்றால் திண்ணை நிறைந்துவிடும். நாற்காலி பக்கத்து வீட்டிலிருந்து வரும், காபி வரும், காவேரிப்பட்டணத்து நிப்பட்டு வரும். வீட்டுக்காரர், அவர் அம்மா, மச்சினன், எதிர்வீட்டுக்காரர் எல்லோரும் சுற்றி உட்காருவார்கள். கேள்வி மருமகளிடம் போகும். பதில் ஊரிடமிருந்து வரும்.

ஒரு வீட்டில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த வீட்டு மருமகளுக்கு முப்பதைத் தாண்டாத வயது, இரண்டு பிள்ளைகள். வாழ்க்கைத் திருப்தி அளவுகோலின் ஐந்தாவது வாக்கியம், வாழ்க்கையைத் திரும்ப வாழ முடிந்தால் ஏறக்குறைய எதையும் மாற்ற மாட்டேன் என்பது. எங்கள் மாணவி படித்துக் காட்டினாள். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "எதுக்கு மாத்தணும்? நல்லாத்தானே இருக்குறா" என்றார். வீட்டுக்காரர், "மாத்தறதுன்னா மொதல்ல என்னைத்தான் மாத்துவா" என்றதும் திண்ணையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் ஒண்ணும் மாத்த மாட்டேன் பாப்பா, எழுதிக்கோ" என்றாள். தாளில் 7 விழுந்தது.

ஏணிக் கேள்விக்குப் பெரும்பாலும் நடுப்படிகளே வந்தன. காரணம் கேட்டால் ஒரு பாட்டி சொன்னார்: "பத்துன்னு சொன்னா கண்ணு பட்ரும். ரெண்டுன்னு சொன்னா ஊட்டுக்கு மரியாதையா? நடுவுல போடு." இதைவிடத் தெளிவாக எந்த ஆய்வுக் கட்டுரையும் சொல்லிவிட முடியாது. விருந்தாளி முன்னால் வீட்டின் குறையைச் சொல்லக் கூடாது, ஊர் முன்னால் வீட்டின் நிறைவையும் சொல்லக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஐந்தாவது படிதான் மிஞ்சுகிறது.

அழுத்த அளவுகோலில் வேறொரு தொல்லை. பத்தில் நான்கு கேள்விகள் நேர்மறையானவை, அவற்றைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். மரியாதைக்காக எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்று தலையாட்டுகிறவருக்கு, காரியங்கள் கைமீறிப் போனதும் அடிக்கடிதான், காரியங்கள் கைக்குள் இருந்ததும் அடிக்கடிதான் என்று பதிவாகும். கூட்டிக் கழித்தால் நடுவாந்தர எண் ஒன்று வரும். அது அவருடைய மன அழுத்தம் இல்லை, அவருடைய பணிவு.

இந்தச் சுற்று முடிந்த வார இறுதியில்தான் அந்த வரைவு எழுதப்பட்டது. திண்ணைச் சிரிப்பு, காபி, கூட்டுக் குடும்பம், பிள்ளைகள் கூட்டம் எல்லாம் அதில் இருந்தன. வசதி குறைவு, ஆனாலும் மகிழ்ச்சி.

சர்ச்சை

எங்கள் மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, "எங்க பக்கத்து வூட்ல மாங்கா விலை இல்லாம ராத்திரி தூங்காம உட்கார்ந்திருக்காங்க, நீங்க சந்தோஷம்னு எழுதறீங்க" என்றான். வந்த மாணவி ஒருத்தி, நாங்கள் கேட்டோம், அவர்கள் சொன்னார்கள், அதை எழுதினோம் என்றாள். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

வரைவில் ஆதாரமாகக் காட்டப்பட்டது 2001ல் ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் எட் டீனரும் கொல்கத்தாவில் செய்த ஆய்வு. சேரியில் வாழ்பவர்கள், நடைபாதைவாசிகள், பாலியல் தொழிலாளிகள் என 83 பேரிடம் பேசினார்கள். 'ஏழைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்' என்பதற்குச் சான்றாக இந்த ஆய்வை எங்கெங்கோ மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் கட்டுரை சொல்வது அது அல்ல. மொத்தத்தில் வாழ்க்கை எப்படி என்று கேட்டபோது பதில் நடுவுக்குச் சற்றுக் கீழேதான் இருந்தது. குடும்பம், நட்பு, தன் ஒழுக்கம் என்று தனித்தனியாகக் கேட்டபோதுதான் மேலே போனது. நாம் நினைத்த அளவுக்கு அவர்கள் நொந்து போயிருக்கவில்லை என்பது ஒன்று. நலமாக இருக்கிறார்கள் என்பது வேறொன்று. இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டால் கேன்வாஸ் பையும் கேமராவுமாக வரும் யாருக்கும் நிம்மதியாக ஊர் திரும்பலாம் என்று அனுமதி கொடுத்ததாகிவிடும்.

பேராசிரியர் ஒரு முடிவு எடுத்தார். அதே ஆட்களிடம் மறுபடி கேட்போம், இந்தத் தடவை வெளிநாட்டவர் யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

இரண்டாம் சுற்று

எங்கள் மாணவர்கள் மட்டும் போனார்கள். ஆண்கள் தோப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து, பெண்களிடம் மாணவிகள் தனியாகப் பேசினார்கள். பதில்கள் கீழே இறங்கின. ஆகா, உண்மை வெளிவந்துவிட்டது என்று எங்கள் பக்கம் ஒரே உற்சாகம்.

எனக்கு அந்த உற்சாகத்தில் நம்பிக்கை வரவில்லை. நம் பிள்ளைகள் கையில் கிளிப்போர்டு, கழுத்தில் அடையாள அட்டை. ஊரில் இந்தத் தோற்றத்துக்கு ஒரே அர்த்தம்தான்: சர்வே. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் வர ஆரம்பித்ததிலிருந்து, விட்டுப்போனவர்கள் ஒவ்வொரு கிளிப்போர்டையும் ஒரு நம்பிக்கையோடு பார்க்கிறார்கள். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்டதும் பாதிப் பேர், "எதுக்கு? லோனுக்கா?" என்று பின்வாங்கினார்கள். மீதிப் பேர், "எங்க பேரு இந்தத் தடவையாவது வருமா?" என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர், கஷ்டம் எதுவும் இல்லை என்று சொல்வாரா? படிவத்தில் இது ஆய்வு மட்டும்தான், இதனால் பணமோ உதவியோ கிடைக்காது என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வாசித்தும் காட்டினார்கள். அரசாங்கத்துத் தாளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும் என்பது ஊர் அனுபவம்.

ஆக, வெள்ளைக்காரப் பிள்ளை கேட்டால் விருந்தாளிக்குச் சொல்லும் பதில், நம் பிள்ளை கேட்டால் சர்வேக்காரருக்குச் சொல்லும் பதில். முதலாவது மகிழ்ச்சியைக் கூட்டுகிறது, இரண்டாவது துன்பத்தைக் கூட்டுகிறது. இரண்டில் எது நிஜம் என்று அடித்துக்கொள்வதில் பயனில்லை.

விதிவிலக்காக ஒன்று. முன்பு 7 போட்ட அந்த மருமகள், மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது, மாணவி கிளிப்போர்டைப் பையில் வைத்துவிட்டுக் கூட அறுக்க உட்கார்ந்தாள். கேள்வி எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே, "அன்னைக்கி ஒண்ணு கேட்டியே, மாத்துவியான்னு. பத்தாவது பரீட்சை எழுதியிருப்பேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் பேசவில்லை, அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். குழந்தைத் திருமணங்களைத் தடுக்க அதிகாரிகள் இன்றும் மல்லுக்கட்டும் மாவட்டம் இது. 2006ல் வந்த சட்டம் பெண்ணுக்கு 18 வயது என்கிறது. அவள் கல்யாணம் எப்போது நடந்தது என்று மாணவி கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. இதை 1 முதல் 7 வரை எந்த எண்ணாக்குவது? தாளில் அந்த 7ஐ அடிக்காமல் பக்கத்தில் இந்த வாக்கியத்தை எழுதி வைத்தோம்.

புளியங்கொட்டை

எண்களை ஓரமாக வைத்துவிட்டு, சமூகப்பணி மாணவர்களுக்குப் பழக்கமான ஒரு பழைய முறைக்குப் போனோம். ராபர்ட் சேம்பர்ஸ் போன்றவர்கள் பரப்பிய, ஊர்க்காரர்களையே கூட்டிவைத்து ஆராயும் பங்கேற்பு மதிப்பீட்டில் வரும் பருவ நாட்காட்டி. தரையில் பன்னிரண்டு கட்டம், சித்திரை முதல் பங்குனி வரை. கைநிறையப் புளியங்கொட்டை. கவலை அதிகமான மாதத்தில் அதிகக் கொட்டை வையுங்கள். அவ்வளவுதான் கேள்வி.

அதுவரை மரியாதைக்கு உட்கார்ந்திருந்த ஆண்கள் குத்துக்காலிட்டு முன்னால் நகர்ந்தார்கள். மார்கழி, தை கட்டங்களில் கொஞ்சம்: மா பூவெடுக்கும் காலம், பூவைப் பார்த்துத்தான் குத்தகைக்காரர் விலை பேசி அட்வான்ஸ் கொடுப்பார். மாசி, பங்குனியில் மருந்தடிப்பு, தண்ணீர் லாரி. சித்திரையில் ஒரு கைப்பிடி: ஒரு ராத்திரிக் காற்றும் ஆலங்கட்டியும் போதும், பிஞ்சு முழுக்கத் தரையில் கிடக்கும். வைகாசிக் கடைசியிலும் ஆனியிலும் குவியல். பெங்களூரா என்று இங்கே சொல்லும் தோத்தாபுரி ரக மாங்காய் பெரும்பாலும் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. தொழிற்சாலை எடுக்கும் விலைதான் விலை. காய்ப்பு நன்றாக இருக்கும் வருஷம்தான் விலை சரியும், அதனால் அமோக விளைச்சலும் கவலைதான். 2025 சீசனில் விலை அடிமட்டத்துக்குப் போய், மாநில அரசு மத்திய அரசிடம் உதவி கேட்கும் அளவுக்கு ஆனது. ஆடியில் கொட்டையே இல்லை. "ஆடியில எதுக்குக் கவலை? வந்தது வந்துச்சு, வராதது போச்சு" என்றார் ஒரு தோட்டக்காரர்.

பெண்களின் நாட்காட்டி தனி. ஆனியில் அவர்களும் குவித்தார்கள், ஆனால் மாங்காய்க்காக இல்லை, பள்ளிக்கூடக் கட்டணம், நோட்டு, வேன். ஐப்பசியில் தீபாவளிக் கடன். ஆவணியிலும் தையிலும் கல்யாணச் செலவு, மொய், சீர். ஒரு மாமியாரும் மருமகளும் ஒரே கட்டத்தில் வைக்கவில்லை. ஆண்கள் சிரித்தார்கள், அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை. ஓசூர் கம்பெனிக்குப் போகும் பெண் ஒருத்தி மாதக் கட்டங்களைப் பார்த்துவிட்டு, "எனக்கு மாசமெல்லாம் இல்லண்ணா, வாரம்தான்" என்று பக்கத்தில் வேறு கோடு போட்டாள். நைட் ஷிப்ட் வரும் வாரத்தில் மொத்தக் கொட்டையும் போனது.

இங்கேதான் ஆய்வுக்கு ஏதோ கிடைத்தது. ஏணியில் எந்தப் படி என்பதில் ஒருவரே இரண்டு நாளில் இரண்டு பதில் சொன்னார். எந்த மாதம் மோசம் என்பதில், ஒரே தொழில் செய்பவர்கள் தனித்தனியாகக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் கொட்டையை வைத்தார்கள். யார் பக்கத்தில் இருந்தாலும் அது அசையவில்லை. ஆனி மாதம் கவலை என்று சொல்வதில் வீட்டுக்கு எந்த அவமானமும் இல்லை, ஊருக்கே அப்படித்தானே.

கோஹனின் அளவுகோல் 'கடந்த ஒரு மாதம்' என்று கேட்பதன் விலை அப்போது புரிந்தது. ஜூனில் கேட்டால் வைகாசியும் ஆனியும் சிக்கும். ஆகஸ்டில் கேட்டிருந்தால் ஆடி சிக்கியிருக்கும். அதே ஆள், அதே கடன், வேறு மனிதர் மாதிரித் தெரிந்திருப்பார். மாதச் சம்பள உலகத்தில் ஒரு மாதம் நியாயமான அளவு. வருஷத்துக்கு ஒரு தடவை காசு பார்க்கும் தோட்டக்காரருக்கு அப்படி இல்லை.

கடனைச் சமாளிப்பது பற்றியும் கொஞ்சம். லாசரஸும் ஃபோக்மனும் 1984ல் சொன்னபடி, வருகிற சுமைக்கும் கையிலிருக்கும் பலத்துக்கும் உள்ள இடைவெளியை மனிதர் எப்படி மதிப்பிடுகிறார் என்பதில்தான் அழுத்தம் இருக்கிறது. இங்கே கையிலிருக்கும் பலம் என்பது நகைக்கடன், மாமன் வீடு, மகளிர் குழு. 1989ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் தொடங்கியதே அன்றைய ஒன்றுபட்ட தருமபுரி மாவட்டத்தில்தான். குழுக்கூட்டம் நடக்கும் நாளை வந்த மாணவர்கள் 'ஆதரவு' என்ற தலைப்பில் எழுதினார்கள். பெண்களிடம் கேட்டால் அதுதான் பணம் புரட்டும் நாளும்கூட. ஒருத்தி கட்டாவிட்டால் எல்லோரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். தாங்குவதும் அழுத்துவதும் ஒரே கூட்டம்தான். தனித்தனிப் பத்தியில் எழுத முடியாது.

சாப்பாட்டுக் கேள்வி

2025 உலக மகிழ்ச்சி அறிக்கையில் சேர்ந்து சாப்பிடுவது பற்றி ஒரு பகுதி உண்டு. அமெரிக்காவில் 2023ல் ஏறக்குறைய நாலில் ஒருவர், முந்தின நாள் மொத்தச் சாப்பாட்டையும் தனியாகவே சாப்பிட்டதாகச் சொன்னார். 2003ஐவிட இது 53 சதவீதம் அதிகம். வந்த மாணவர்களுக்கு இது சொந்த விஷயம். இங்கே யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை என்று குறிப்பேட்டில் மாய்ந்து மாய்ந்து எழுதினார்கள்.

ஒரு வீட்டில் தங்கிய மாணவியும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அவளுடைய ஜோடி மாணவி அதே நாள் குறிப்பில் எழுதியது: அந்த வீட்டு அம்மா முதலில் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் களியும் கீரைக் குழம்பும் போட்டார், எல்லோரும் எழுந்த பிறகு, பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்து மிச்சக் களியைத் தனியாகச் சாப்பிட்டார். கேள்வித்தாளில் அந்த அம்மா சொன்ன பதில், எல்லாரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

இரண்டு குறிப்பையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் வந்த மாணவிக்கு முகம் தொங்கிவிட்டது. அநியாயம் என்றாள். மறுநாள் அந்த அம்மா சாப்பிடும்போது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இப்படி என்று ஜோடி மூலம் கேட்டாள். அவர் சொன்னது: "இது ஒண்ணுதான் கண்ணு என்னை யாரும் கூப்புடாத நேரம்." அப்புறம் சிரித்துக்கொண்டே, "இப்ப நீ வந்து உக்காந்துட்ட."

எனக்குத் தெரிந்து இந்தப் படிப்பில் அவள் கற்றது இந்த இடத்தில்தான். கடைசியில் சாப்பிடுவதில் அநியாயம் இல்லை என்று ஆகிவிடாது. மிச்சம் இருப்பதுதான் அவருக்கு. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை அவர் தனிமை என்று கணக்கு வைக்கவில்லை என்பதும் நிஜம்.

மாணவர்கள் பக்கம்

எல்லா அளவுகோலையும் மாணவர்களும் நிரப்பினார்கள். நம் பிள்ளைகள் வந்தவர்களைப் பற்றி ஒரு முடிவு வைத்திருந்தார்கள்: காசு இருக்கு, சொந்தபந்தம் இல்லை, அதனால் ஸ்ட்ரெஸ். வரைவு அறிக்கையின் வரியைத் திருப்பிப் போட்டால் இதுதான். அதற்கு நிகராகத் தப்பு. ஜோடியோடு தினமும் பஸ்ஸில் போய் வந்தபோது கதைகள் வெளிவந்தன. ஒருத்தியை வளர்த்ததே பாட்டிதான். அவள் இரண்டு இடத்தில் பகுதிநேர வேலை பார்த்து அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறாள். படிப்புக் கடன் முடிய இன்னும் பல வருஷம். "எங்க அக்கா கதை மாதிரியே இருக்கு சார்" என்றான் அவளுடைய ஜோடி. 2024 மகிழ்ச்சி அறிக்கையில் 30 வயதுக்குட்பட்டவர்களை மட்டும் எடுத்தால் அமெரிக்கா 62வது இடம். அந்தப் புள்ளிவிவரத்தை அவன் வகுப்பில் கேட்டிருந்தான், இந்தப் பேச்சுக்குப் பிறகுதான் மதித்தான்.

வந்தவர்களில் சிலர் இரண்டாம் வாரத்தில் சோர்ந்து போனார்கள். சமூகவியலாளர் லிஸ்கார்ட் 1955லேயே, அமெரிக்கா போய்த் திரும்பிய நார்வேக்காரர்களை வைத்து இந்த இறக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். வழக்கமானது, கடந்துவிட்டது.

எங்கள் மாணவன் ஒருவன் அழுத்த அளவுகோலில் மிகக் குறைவாக மதிப்பெண் போட்டிருந்தான். பதற்றம் கிடையாது, கோபம் கிடையாது. அதே பையனுக்குப் போட்டித் தேர்வு நெருங்கினால் வயிறு கலங்கும், ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வரும், மாத்திரைக்கு இரண்டு டாக்டரைப் பார்த்தாயிற்று. மானிடவியலாளர் மார்க் நிக்டர் 1981ல் தென் கன்னடப் பகுதிப் பெண்களிடம் செய்த ஆய்வில், மனக்கஷ்டம் எந்தெந்த வழிகளில் வெளிப்படுகிறது என்று எழுதியதில் உடம்பும் ஒரு வழி. அளவுகோல் வயிற்றைக் கேட்கவில்லை, அதனால் அவன் சொல்லவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவன். பதற்றம் என்று ஒத்துக்கொள்வது அவனுக்குக் கட்டுப்படியாகாது, வயிற்றுவலி கட்டுப்படியாகும்.

அறிக்கையில் நின்றவை

கடைசி அறிக்கையில் நாடுகளை ஒப்பிடும் அட்டவணை இல்லை. ஸ்டீவன் ஹைனும் சகாக்களும் 2002ல் காட்டியதைக் காரணமாக எழுதினார்கள்: தன்னை மதிப்பிடச் சொன்னால் மனிதர் தன்னைச் சுற்றியுள்ளவர்களோடுதான் ஒப்பிட்டுக்கொள்வார், ஆகவே இரண்டு சமூகத்தின் சராசரியைப் பக்கத்தில் வைப்பதில் அர்த்தம் குறைவு. தோட்டக்காரரின் ஐந்தாவது படி பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துச் சொன்னது, அமெரிக்காவின் ஒஹாயோவைப் பார்த்து இல்லை.

பருவ நாட்காட்டி முழுமையாக இடம்பெற்றது, ஆண்களுடையதும் பெண்களுடையதும் தனித்தனியாக. முடிவுகளை ஊரில் தமிழில் வாசித்துக் காட்டினோம். குழுத் தலைவி ஒருவர் ஐப்பசிக் கட்டத்தைப் பார்த்து, இது போதாது, இன்னும் ஒரு கை போடு என்றார். மாற்றினோம்.

ஏணியை என்ன செய்வது என்பதில் எனக்கும் பேராசிரியருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. உலகம் முழுக்க ஒரே கேள்வி கேட்கப்படும்போது நாம் மட்டும் விட்டுவிட்டால், 118வது இடம் என்ற பேச்சில் நமக்கு இடமே இருக்காது என்பது அவர் வாதம். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் தாளில் இரண்டு வரி கூடுதலாக வேண்டும் என்றேன்: கேட்டது எந்த மாதம், பக்கத்தில் யார் யார் இருந்தார்கள். அதற்குச் சம்மதித்தார். ஜூனை விட்டுத் தை மாதத்தில் ஒரு சுற்று நடத்தவும் பேச்சு நடக்கிறது. அவர்கள் கல்லூரிக்கு அப்போது விடுமுறை இல்லை, அதனால் நேர்காணல்களை எங்கள் மாணவர்களே செய்வார்கள். அவர்களுக்கு உரிய கூலியும், அறிக்கையில் ஆசிரியர்களாகப் பெயரும் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். கூலிக்கு ஒப்புக்கொண்டார்கள். பெயர் விஷயம் அவர்கள் துறைக்குழுவில் இருக்கிறது.